பித்தில்யானோ: அடைக்கலம் தந்த ஊரிலேயே யூதர்களுக்குக் கெட்டோ அமைந்தது எப்படி?

மலைவழி கேட்டது:

வணக்கம். இத்தாலியில் டஸ்கனியின் தென்கோடியில் உள்ள பித்தில்யானோ என்ற சிற்றூருக்குச் சென்ற மாதம் குடும்பத்தோடு போய்வந்தேன். ஓடைகள் அறுத்த ஆழமான பள்ளங்களுக்கு நடுவே, எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான செம்பழுப்புப் பாறையின் மேல் அமைந்த ஊர் அது. கீழேயிருந்து பார்த்தால் பாறை எங்கே முடிகிறது, வீட்டுச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவ்வூருக்குச் ‘சின்ன எருசலேம்’ என்று இன்னொரு பெயர் வழங்குவதை அங்கே போன பிறகுதான் அறிந்தேன்.

ஊருக்குள் ஒரு குறுகலான சந்தில், 1598இல் கட்டப்பட்ட யூத ஜெப ஆலயம் இருக்கிறது. அங்கிருந்து படியிறங்கினால், பாறையைக் குடைந்து செய்த அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: சடங்குக் குளியலுக்கான தொட்டி, யூத முறைப்படி இறைச்சி அறுத்த இடம், மது வைத்த நிலவறை, தோலும் துணியும் சாயமேற்றிய அறை, பாஸ்கா விழாவுக்குப் புளிப்பில்லா அப்பம் சுட்ட அடுப்பு. அந்த அடுப்பின் முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம்.

எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி இரண்டு செய்திகளைச் சொன்னார். பிற இடங்களிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களுக்கு இவ்வூர் அடைக்கலம் கொடுத்தது, கிறித்தவர்களும் அவர்களும் இங்கே நூற்றாண்டுக் கணக்கில் இணக்கமாக வாழ்ந்தார்கள் என்பது ஒன்று. 1622 முதல் யூதர்கள் எல்லாரும் இந்த ஒரே பகுதிக்குள், கெட்டோவுக்குள், குடியிருக்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். ‘இணக்கமாகத்தான் இருந்தார்கள் என்றால் எதற்காக ஓரிடத்தில் அடைத்தார்கள்?’ என்று என் மகள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊரை விட்டுப் புறப்படுமுன் ஒரு கடையில் ‘ஸ்ஃப்ராத்தோ’ என்ற தின்பண்டம் வாங்கினோம். கோல் போன்ற வடிவம். உள்ளே தேனும் வால்நட்டும். அந்தச் சொல்லுக்கு ‘குடியிருப்பவரை வெளியேற்றுதல்’ என்று பொருள் என்று கடைக்காரம்மா சொன்னபோது வாயில் இருந்ததை விழுங்கவே சற்றுத் தயக்கமாக இருந்தது. அடைக்கலமும் அடைப்பும் ஒரே ஊரில் எப்படிச் சேர்ந்தன, அந்தச் சமூகம் பிறகு என்ன ஆயிற்று என்பதை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஆவணம் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். உங்கள் மகளின் கேள்விக்கு விடை தேட, 16ஆம் நூற்றாண்டின் நிலப்படத்தை முதலில் விரித்துக்கொள்ள வேண்டும். அப்போது இத்தாலி என்று ஒரே நாடு கிடையாது. பித்தில்யானோவும் அதன் அண்டையூரான சொரானோவும் ஓர்சினி என்ற பிரபுக் குடும்பத்தின் தனிச் சிற்றாட்சியாக இருந்தன. அதற்குத் தெற்கே திருத்தந்தை (போப்) அரசராகவே ஆண்ட பெருநிலப்பரப்பு; வடக்கே மெடிச்சிக் குடும்பம் ஆண்ட டஸ்கனி. இரண்டு பெரிய அரசுகளின் வேலிகளுக்கு நடுவே கிடந்த வரப்பு என்று அவ்வூரைச் சொல்லலாம்.

வெனிஸ் குடியரசின் ஆட்சிமன்றமான செனட் 1516 மார்ச் 29 அன்று யூதர்களை ஒரு தனித்தீவில் குடியேறச் சொல்லிக் கட்டளையிட்டது. உலோக வார்ப்பாலை இருந்த இடம் என்பதால் அதற்கு வெனிஸ் பேச்சுவழக்கில் ‘ஜெத்தோ’ என்று பெயர். பிற்காலத்தில் உலகம் முழுவதும் ‘கெட்டோ’ என்று பரவிய சொல்லின் பிறப்பிடம் அதுவே என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அதன்பின் 1555 ஜூலையில் திருத்தந்தை நான்காம் பவுல் வெளியிட்ட ஆணைமடல், தமது ஆட்சிப்பகுதியில் வாழ்ந்த யூதர்கள் சுவர் சூழ்ந்த தனித்தெருக்களில்தான் வாழ வேண்டும், நிலமோ வீடோ சொந்தமாக வைத்திருக்கக் கூடாது, ஊருக்கு ஓர் ஆலயத்துக்கு மேல் கூடாது, பழந்துணி வணிகத்தைத் தவிர வேறு வணிகம் கூடாது, மஞ்சள் அடையாளம் அணியாமல் வெளியே வரக் கூடாது என்று வரிசையாக விதித்தது. 1569இல் ஐந்தாம் பயஸ் அதற்கும் ஒரு படி மேலே போய், ரோம், அங்கோனா ஆகிய இரண்டு நகரங்களைத் தவிர இத்தாலியிலிருந்த தமது ஆட்சிப்பகுதி முழுவதிலிருந்தும் யூதர்களை வெளியேறச் சொன்னார். பல தலைமுறைகளாகச் சிற்றூர்களில் வட்டிக்கடையும் துணிக்கடையும் வைத்திருந்த குடும்பங்கள் மூட்டை கட்டின.

அதே காலத்தில் வடக்கிலும் கதவு சாத்தப்பட்டது. ஐந்தாம் பயஸ் 1569இல் முதலாம் கோசிமோ தெ மெடிச்சிக்கு ‘டஸ்கனிப் பெருங்கோமகன்’ என்ற பட்டம் அளித்தார். அதற்கு அடுத்த ஆண்டே கோசிமோ யூதர்களின் வட்டிக்கடைகளை மூடச் சொன்னார்; 1571 முதல் ஃபுளோரன்ஸ், சியெனா ஆகிய இரு நகரங்களிலும் கெட்டோக்கள் எழுந்தன; டஸ்கனியின் சிற்றூர்களில் இருந்தவர்கள் அங்கே போய் ஒடுங்க வேண்டும் என்பது கட்டளை. பட்டத்துக்கும் கெட்டோவுக்கும் தொடர்பு உண்டு என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் பலர். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் விரட்டப்பட்டவர்களுக்கு இடையில் எஞ்சிய நிலம் ஓர்சினிகளின் நிலம். சொரானோவிலும் பித்தில்யானோவிலும் யூதர்கள் வந்து சேர்ந்ததற்கு அதுவே காரணம். ஓர்சினிப் பிரபுக்கள் இரக்கத்தால் மட்டும் அவர்களை ஏற்றார்கள் என்று சொல்ல மாட்டேன். விதைக் காலத்தில் உழவனுக்கும் பணமுடைக் காலத்தில் பிரபுவுக்கும் கடன் கொடுக்க ஆள் தேவை, மருத்துவர் தேவை, நெசவுத்துணியும் தோலும் கைமாற வணிகர் தேவை. அந்தத் தேவை இருந்தவரை உரிமைகளும் இருந்தன. நீங்கள் பார்த்த ஜெப ஆலயம் 1598இல் எழுந்தது என்பதை மறுபடி நினைத்துப் பாருங்கள்: அது கெட்டோவைவிட 24 ஆண்டுகள் மூத்தது. ஓரிடத்தில் அடைக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் கட்டிக்கொண்ட கட்டடம் அது அன்று; ஊரில் நிலைத்து வாழப் போகிறோம் என்று நம்பியவர்கள் கட்டியது.

17ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் ஓர்சினிகளின் கை தளர்ந்து, ஊர் மெடிச்சிகளின் டஸ்கனியோடு சேர்ந்தது. ஃபுளோரன்ஸில் 50 ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த சட்டம் 1622இல் இங்கும் வந்தது. யூதர்கள் ஊரின் ஒரு பகுதிக்குள், இன்றைய ஸுக்கரெல்லி தெருவை ஒட்டிய சந்துகளுக்குள், ஆலயத்தைச் சுற்றியே குடியேற்றப்பட்டார்கள். ஆண்கள் சிவப்புத் தொப்பியும் பெண்கள் சட்டைக்கையில் சிவப்பு அடையாளமும் அணிய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அண்டைவீட்டாரின் பகையிலிருந்து முளைத்த வேலி அன்று. தொலைவில் இருந்த தலைநகர் தன் ஆட்சிக்குள் புதிதாக வந்த ஊரைத் தன் வழக்கத்துக்குள் கொண்டுவந்தபோது போட்ட வேலி. வழிகாட்டி சொன்ன இரண்டு செய்திகளுக்கும் நடுவே விடுபட்டுப்போன செய்தி, ஆட்சி கைமாறிற்று என்பதுதான்.

அதே மெடிச்சிகள் லிவோர்னோத் துறைமுகத்தில் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1591இலும் 1593இலும் முதலாம் ஃபெர்தினாந்தோ வெளியிட்ட சாசனங்கள் வெளிநாட்டு வணிகர்களை, குறிப்பாக ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் ஓடிவந்த யூதர்களை, வழிபாட்டுரிமையும் வணிகவுரிமையும் தந்து லிவோர்னோவுக்கு அழைத்தன. அங்கே கெட்டோவே இல்லை. மத்தியதரைக் கடலில் எடுத்த பவளம் அத்துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்குப் போய் வைரமாகத் திரும்பிற்று. சென்னைக் கோட்டையை ஒட்டி வாழ்ந்த யூதப் பவள வணிகர்களும் ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெருவும் அந்த வணிகச் சங்கிலியின் மறுமுனை. ஒரே குடும்பம், ஒரே அரசு, ஒரே மதம்: கப்பல் வரும் ஊரில் சாசனம், மலையூரில் வேலி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது.


பச்சிலை எழுதியது:

‘ஆவணம்’ ஐயா, மருத்துவர் தேவைப்பட்டார்கள் என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். நான் மருத்துவத் தொழிலில் இருப்பவள் என்பதால் அந்த மருத்துவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் பெயர் தாவீது தெ போமிஸ். 1525இல் ஸ்பொலேத்தோவில் பிறந்தவர். எருசலேம் ஆலயம் அழிந்தபின் ரோமானியத் தளபதி தீத்துவால் ரோமுக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களில் ஒன்று தம்முடையது என்பது அவர் வீட்டு மரபு. பெருஜியாவில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்று, மால்யானோ என்ற ஊரில் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். 1555ஆம் ஆண்டு ஆணைமடல் வந்தது. யூத மருத்துவர் கிறித்தவ நோயாளியைத் தொடக் கூடாது, சொந்த நிலம் கூடாது என்ற இரண்டு விதிகளும் ஒரே நாளில் அவருடைய தொழிலையும் உடைமையையும் பறித்தன.

அப்போது அவரை வேலைக்கு அமர்த்தியவர் நான்காம் நிக்கோலோ ஓர்சினி, அதாவது பித்தில்யானோவின் பிரபு. ஐந்து ஆண்டுகள் தெ போமிஸ் அவரிடம் இருந்தார். ஊருக்கு வெளியே, பள்ளத்தாக்கை நோக்கிய சரிவில் இருக்கும் யூதக் கல்லறை நிலம், தெ போமிஸின் மனைவி இறந்தபோது அவரை அடக்கம் செய்வதற்காக அப்பிரபு கொடுத்த நிலம் என்று அவ்வூரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஊரில் யூதர்களின் வாழ்வு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் நான் ஆலயத்தைக் காட்ட மாட்டேன், அந்த ஒரு குழியைத்தான் காட்டுவேன். மனைவியைப் புதைக்க இடம் கிடைத்த ஊரை விட்டு ஒருவர் எளிதில் போவதில்லை.

ஆனாலும் அவர் போக நேர்ந்தது. ஸ்ஃபோர்சா என்ற பிரபுக் குடும்பத்திடம் சிறிது காலம் பணி செய்தபின், சற்று மென்மையானவராக இருந்த திருத்தந்தை நான்காம் பயஸின் காலத்தில் ரோமுக்குச் சென்று, அவர் முன்னும் கர்தினால்கள் முன்னும் இலத்தீனில் உரையாற்றினார். அந்த உரையைக் கேட்ட திருத்தந்தை, அவர் கியூசி என்ற ஊரில் குடியேறி மறுபடியும் கிறித்தவர்களுக்கு மருத்துவம் பார்க்க அனுமதி கொடுத்தார். ஆறே நாளில் திருத்தந்தை இறந்துபோனார். அடுத்து வந்த ஐந்தாம் பயஸ் அந்த அனுமதியை நீக்கினார். நான்காம் பயஸ் இறந்தது 1565 டிசம்பரில். பத்து ஆண்டுகள் காத்திருந்து பெற்ற உரிமை நெடுநாள் நிலைக்கவில்லை.

பிறகு அவர் வெனிஸில் குடியேறினார். எபிரேயம், இலத்தீன், இத்தாலியம் ஆகிய மும்மொழிகளுக்கும் ஓர் அகராதியை 1587இல் அங்கே அச்சிட்டார். அவருடைய வாழ்க்கைக் கதை நமக்குக் கிடைப்பதே அந்நூலின் முன்னுரையில் அவர் தம்மைப் பற்றி எழுதியதால்தான். அடுத்த ஆண்டு, யூத மருத்துவன் நோயாளியின் மதத்தைப் பார்த்து மருந்தை மாற்றுபவன் என்ற பழிக்கு விடையாக இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். அறுபது வயதைக் கடந்த ஒரு மருத்துவர், தாம் யாரையும் கொல்ல மாட்டோம் என்பதை மெய்ப்பிக்க ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது என்னால் அதை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.


மலைவழி மறுமொழி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கல்லறை நிலத்தை நாங்கள் பார்க்கவில்லை. ஊருக்குள் நுழையும் அவசரத்தில் அந்தச் சரிவைக் கடந்தே போயிருக்கிறோம் என்பது இப்போதுதான் புரிகிறது. ‘ஆவணம்’ சொன்னதிலிருந்து எனக்கு மேலும் ஓர் ஐயம் எழுகிறது. வேலியைப் போட்டது தலைநகர் என்றால், ஊர் மக்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? கிறித்தவ அண்டைவீட்டார் யூதர்களுக்காக நின்ற நிகழ்ச்சி ஏதேனும் உண்டா, அல்லது ‘இணக்கம்’ என்பது பயணிகளுக்காகப் பிற்காலத்தில் மெருகேற்றிய கதையா?


கோட்டைமேடு எழுதியது:

அப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆனால் அதைத் தனியே எடுத்துச் சொன்னால் பிழையான சித்திரம் கிடைக்கும் என்பதால், அதே ஆண்டில் சுற்றுவட்டாரத்தில் நடந்தவற்றோடு சேர்த்துச் சொல்கிறேன்.

1799ஆம் ஆண்டு வசந்த காலத்தில் பிரெஞ்சுப் படைகள் டஸ்கனியைக் கைப்பற்றின. பிரெஞ்சுக்காரர்கள் போன இடமெல்லாம் கெட்டோ வாயில்களைத் திறந்துவிட்டு, யூதர்களும் சமமான குடிமக்களே என்று அறிவித்தார்கள். அதனாலேயே, பிரெஞ்சுப் படை பின்வாங்கத் தொடங்கியதும் யூதர்கள்தாம் எதிரியின் கூட்டாளிகள் என்ற பேச்சு பரவியது. அரெத்சோ நகரில் ‘மரியா வாழ்க’ என்ற முழக்கத்தோடு எழுந்த கலகக் கூட்டம் ஊர் ஊராகச் சென்றது. 1799 ஜூன் 28 அன்று அக்கூட்டம் சியெனாவுக்குள் நுழைந்து, கெட்டோவைச் சூறையாடி, 13 யூதர்களைக் கொன்றது. நகரின் நடுவிலுள்ள அந்தப் புகழ்பெற்ற சதுக்கத்தில், பிரெஞ்சுக்காரர்கள் நட்டிருந்த ‘விடுதலை மரத்தின்’ கட்டைகளைக் கொண்டு தீ மூட்டினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்னும் அதே சாய்வான செங்கல் தரைதான். மோந்தே சான் சவீனோ என்ற மற்றொரு சிற்றூரிலிருந்த யூதர்கள் அதே கோடையில் ஊரை விட்டே விரட்டப்பட்டார்கள். அந்தச் சமூகம் மறுபடி அங்கே தழைக்கவில்லை.

பித்தில்யானோவிலும் வெளியிலிருந்து வந்த படையாட்கள் கெட்டோவைக் கொள்ளையிட முனைந்தார்கள். அங்கே மட்டும் ஊர்க் கிறித்தவர்கள் திரண்டு வந்து யூதர்களின் பக்கம் நின்று அவர்களை விரட்டியடித்தார்கள். யூதச் சமூகம் அந்த நாளைத் தன் வழிபாட்டில் வைத்து நன்றியோடு நினைவுகூர்ந்து வந்தது. காப்பாற்றப்பட்டவர்களே காப்பாற்றியவர்களுக்காகத் தொழுது வைத்திருந்த நினைவு என்பதால், இதைப் பயணிகளுக்காகப் புனைந்த கதை என்று ஒதுக்க முடியாது.

ஏன் இவ்வூர் மட்டும் வேறாக நடந்தது என்பதற்கு என் கருத்தைச் சொல்கிறேன், இது கருத்துதான். சியெனாவில் கெட்டோ ஒரு பெருநகரின் உடம்பில் சிறு கட்டி போல ஒதுங்கி இருந்தது. பித்தில்யானோவில் ஊரே ஒரு பாறை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சில நிமிடத்தில் நடந்துவிடலாம். ஒரே கிணற்று நீர், ஒரே திராட்சைத் தோட்டத்து மண், வண்ணம் ஏற்றிய துணியை வாங்கும் அதே கைகள். யூதர்களின் பங்கும் பெரிது: 1850 அளவில் அங்கே ஏறத்தாழ 400 யூதர்கள் இருந்தார்கள், சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த ஊரில் அது நன்றாகக் கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கை. இன்னொருவரின் பெயரும் அவருடைய பிள்ளைகளின் பெயரும் தெரிந்த இடத்தில் வெளியூர்க் கலகக்காரனின் முழக்கம் அவ்வளவு எளிதில் எடுபடுவதில்லை.

‘ஆவணம்’ எழுதியதில் ஒன்றை மட்டும் சற்றுத் திருத்த விரும்புகிறேன். வேலி தலைநகரிலிருந்து வந்தது என்பது சரி. ஆயினும் 1622க்குப் பிறகு அந்த வேலிக்குள் எந்தத் தெருவை ஒதுக்குவது, யார் வீட்டைக் காலி செய்வது, வாடகை எவ்வளவு என்பதெல்லாம் உள்ளூரில் பேசி முடிக்கப்பட்ட காரியங்கள். வீடுகளின் உரிமையாளர்கள் கிறித்தவர்கள், குடியிருந்தவர்கள் யூதர்கள், யூதர்கள் வேறெங்கும் போகவும் முடியாது. இப்படிப்பட்ட நிலையில் வாடகை எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். இதற்காகவே ரோம் முதலிய கெட்டோக்களில், வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தவும் குடியிருப்பவரை வெளியேற்றவும் தடை போட்டு, குடியிருக்கும் உரிமையைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றவும் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவும் இடமளிக்கும் ஒரு தனிச் சட்டமரபு உண்டாயிற்று. வீடு சொந்தமில்லை, வாடகையுரிமை மட்டும் சொந்தம் என்ற அந்த விந்தையான நிலையில் முந்நூறு ஆண்டுகள் இத்தாலிய யூதர்கள் குடித்தனம் நடத்தினார்கள். எனவே 1799இல் அண்டைவீட்டார் காத்தார்கள் என்பதை நான் மதிக்கிறேன். அதற்காக அந்த வேலியில் ஊருக்கு எந்தப் பங்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.


ஆவணம் மறுமொழி:

ஏற்கிறேன். வாடகை பற்றிய பகுதியை நான் விட்டது பிழையே.


தென்றல்வெளி எழுதியது:

அந்தச் சமூகம் பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. நான் வட இத்தாலியில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். பித்தில்யானோவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன்.

1859இல் பழைய டஸ்கனி அரசு கவிழ்ந்து, 1861இல் இத்தாலி ஒரே அரசானபோது யூதர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது. அதன் விளைவை யாரும் முன்கூட்டி எண்ணியிருக்க மாட்டார்கள்: ஊர் காலியாகத் தொடங்கியது. எங்கும் போகலாம், எதையும் படிக்கலாம், எந்த வேலையிலும் சேரலாம் என்றான பின், மலையுச்சியில் துணிக்கடை வைத்துக்கொண்டிருக்க இளைஞர்களுக்கு என்ன கட்டாயம்? ஃபுளோரன்ஸுக்கும் லிவோர்னோவுக்கும் ரோமுக்கும் போனார்கள். போனவர்களில் சிலர் இத்தாலிய யூதர்களின் அறிவுலகத்தையே நடத்தினார்கள். 1874 முதல் ‘யூதக் கொடி’ என்று பொருள்படும் பெயரில் வெளிவந்த இதழைத் தொடங்கிய ரபி (யூத மதகுரு) ஃபிளமீனியோ செர்வி இவ்வூர்க்காரர். எழுத்தாளரும் ரபியுமான தாந்தே லாத்தெஸ் 1876இல் இங்கே பிறந்தவர். அடைக்கப்பட்டிருந்த காலத்தில் பெருகிய சமூகம் விடுதலை பெற்ற காலத்தில் குறைந்தது. 400 பேர் இருந்த ஊரில் 1930களில் எஞ்சியவர்கள் அறுபது, எழுபது பேர்தாம்.

அந்தச் சிலரை முசோலினி அரசின் 1938ஆம் ஆண்டு இனச் சட்டங்கள் பிடித்தன. செப்டம்பரில் யூதப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டார்கள். நவம்பரில் அரசுப் பணி, ‘ஆரியர்’ என்று வகைப்படுத்தப்பட்ட இத்தாலியரோடு திருமணம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சொத்து ஆகியவை தடை செய்யப்பட்டன. 1622ஆம் ஆண்டு ஆணைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று யூதரைப் பிரித்து வைத்தது மதம். ஞானஸ்நானம் பெற்றால் வேலி விலகும். 1938இன் சட்டம் தாய்தந்தையரைப் பார்த்தது. மதம் மாறினாலும் வேலி விலகாது. நீங்கள் நெடுநேரம் பார்த்து நின்ற அடுப்பு கடைசியாகப் பாஸ்காவுக்கு எரிந்தது 1939இல்.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்து, ஜெர்மானியப் படைகள் நாட்டைப் பிடித்தபின் நிலைமை கொடியதாயிற்று. நவம்பர் இறுதியில், இவ்வூர் அடங்கிய குரோசெத்தோ மாகாணத்தில், ரொக்காதெதெரிகி என்ற மலையூரில் யூதர்களை அடைக்க ஒரு முகாம் திறந்தார்கள். அதற்காக வாடகைக்கு எடுக்கப்பட்ட கட்டடம் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் குருமடம், அதாவது குருக்களுக்குப் பயிற்சி தரும் இல்லம். அங்கே அடைக்கப்பட்டவர்களில் பலர் 1944இல் ஃபொசொலி முகாம் வழியாக ஔஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். மிகச் சிலரே திரும்பினார்கள். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். அந்த வாடகை ஒப்பந்தத்தைப் பற்றி அறிந்தபின் பல நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே மாதங்களில் பித்தில்யானோவைச் சுற்றியிருந்த உழவர்கள் வேறொன்று செய்தார்கள். தப்பியோடிய குடும்பங்களைத் தொழுவங்களிலும் வைக்கோற் கொட்டகைகளிலும் தங்கவைத்தார்கள். தேடுதல் நெருங்கியபோது பாறைக்குகைகளுக்கு மாற்றினார்கள். தங்களுக்கே போதாத ரொட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிடிபட்டால் தங்கள் வீட்டாருக்கும் சாவு என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களில் சில குடும்பங்களைப் பின்னாளில் யூத இனப்படுகொலையின் நினைவைப் பேணும் இஸ்ரேலின் யாத் வஷெம் நிறுவனம் ‘பிற இனத்து நீதிமான்கள்’ என்று ஏற்றுச் சிறப்பித்தது. 1799இல் ஊருக்குள் நடந்தது 150 ஆண்டுகளுக்குள் வயல்வெளியில் மறுபடி நடந்தது. முதல் முறை காத்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளாகவே இவர்களில் சிலர் இருந்திருக்கலாம் என்று எண்ணிக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

போர் முடிந்தபின் ஊரில் வழிபாட்டுக்குத் தேவையான பத்து ஆண்கள் சேர்வதே அரிதாயிற்று. 1960களில், கவனிப்பாரற்ற ஜெப ஆலயம் பாறை சரிந்ததில் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. நீங்கள் பார்த்தது 1995இல் நகராட்சி மறுபடி எடுத்துக் கட்டியது. மறு ஆண்டு ‘சின்ன எருசலேம்’ என்ற பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கி, கெட்டோ அறைகளையும் கல்லறையையும் பேணத் தொடங்கினார்கள். அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் யூதர் அல்லாத ஊர் மக்கள்.

இனி அந்தத் தின்பண்டம். மாவை மெல்லியதாகத் தேய்த்து, தேனில் கிளறிய வால்நட்டோடு ஆரஞ்சுத் தோலும் சாதிக்காயும் சேர்த்த பூரணத்தை வைத்து, கோல் போல நீளமாக உருட்டிச் சுடுகிறார்கள். கெட்டோ ஆணை வந்தபோது, அரசின் ஏவலன் யூதர் வீட்டுக் கதவுகளைக் கோலால் தட்டி ‘வெளியேறு’ என்று சொன்னானாம். அந்தக் கோலின் வடிவம் இது என்பது ஊர் வழக்கு. செவிவழி வந்த கதை என்பதால் அதை ஆவணச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் அதை யூதர்கள் புத்தாண்டு விழாவுக்குச் செய்தார்கள், வரும் ஆண்டு இனிக்க வேண்டும் என்று தேன் உண்ணும் நாளில். கிறித்தவ வீடுகள் அதை அவர்களிடம் கற்றுக்கொண்டு கிறிஸ்துமஸுக்குச் செய்யத் தொடங்கின. இன்று ஊரில் அதைச் சுடுபவர்கள் அவர்களே. ஆகையால் நீங்கள் தயங்காமல் உண்ணலாம். முதலில் அதைச் செய்தவர்கள் உண்பதற்காகத்தான் செய்தார்கள்.


மலைவழி மறுமொழி:

நால்வருக்கும் நன்றி. இவை அனைத்தையும் என் மகளுக்கு நேற்றிரவு படித்துக் காட்டினேன். தெ போமிஸுக்கு அனுமதி கொடுத்த திருத்தந்தை ஆறே நாளில் இறந்துபோன இடத்தில் என்னை நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னாள். அடுத்த கோடையில் அந்தக் கல்லறை நிலத்தைப் பார்ப்பதற்காகவே மீண்டும் போக எண்ணியிருக்கிறோம். அங்கே யாரும் போய்ப் பார்க்கலாமா?


தென்றல்வெளி மறுமொழி:

பார்க்கலாம். ஜெப ஆலயத்தில் நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் ஆலயமும் அறைகளும் மூடியிருக்கும். அதற்கேற்ப நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். கல்லறைக்குப் போகும்போது பூங்கொத்து வேண்டாம். ஒரு சிறு கல்லை எடுத்துச் சென்று கல்லறையின் மேல் வைத்துவிட்டு வருவதுதான் அவர்கள் வழக்கம்.